சுவர்களுக்கு நடுவே ஒரு சின்னத் தோட்டம்: யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. வீட்டுக்குப் பின்னால் சுமார் 10 அடிக்கு 15 அடி இடம், வருடக்கணக்காகக் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. மூன்று பக்கமும் உயரமான சுவர். மதியம் கொஞ்ச நேரம்தான் வெயில்.

களையெல்லாம் பிடுங்கியாயிற்று, மண்தான் பிரச்சினை. கட்டிட வேலையில் மிஞ்சிய சிமெண்ட், காரைத் துண்டுகள் நிறையக் கலந்திருக்கின்றன. இவை மண்ணில் காரத்தன்மையைக் கூட்டும். அப்புறம் இரும்புச்சத்து செடிக்கு எட்டாமல், நரம்பு மட்டும் பச்சையாக இருக்க இளம் இலைகள் மஞ்சளாகும். ஒரு அடி தோண்டி மண்ணை மாற்றுவதா, இல்லை உயரப் பாத்தி கட்டிப் புது மண்ணும் மட்கிய உரமும் நிரப்புவதா? மழை பெய்தால் தண்ணீர் தேங்குவதால் நான் பாத்திப் பக்கம்தான். ஆனால் சுவரை ஒட்டிக் கட்டினால் ஈரம் ஏறுமே, எவ்வளவு இடைவெளி விட்டீர்கள்?

அடுத்தது கொடி. சுவரிலேயே வேர் பிடித்து ஏறும் வகை வேண்டாம், பழைய பூச்சு பெயர்ந்துவிடும். கம்பியில் படரவிட, அரை நிழலிலும் பூக்கும் கொடி எது?

புல்தரை ஆசை இல்லை. இந்த நிழலில் பாசிதான் மிஞ்சும். ஒரு பெஞ்சு போட இடம் இருந்தால் போதும். இப்படிப்பட்ட இடத்தைச் சரிசெய்தவர்கள், முன்னும் பின்னும் எடுத்த படம் இருந்தால் போடுங்களேன்.