சிகாகோவில் முசோலினி கொடுத்த தூண்: பால்போவை எப்படிப் பார்ப்பது?

ஏரிக்கரை_நடை:
வேலை மாறி சிகாகோ வந்து எட்டு மாதம் ஆகிறது. ஞாயிறு காலை சோல்ஜர் ஃபீல்டு மைதானத்துக்குப் பக்கத்தில் நடக்கும்போது ஒற்றைக் கல்தூண் ஒன்று கண்ணில் பட்டது. பீடத்தில் எழுத்தெல்லாம் மழையில் தேய்ந்துவிட்டது. விரலால் தடவித் தடவிப் படித்தேன். ரோமாபுரியின் ஓஸ்தியா துறைமுகத்தில் நின்ற 2,000 வருடத் தூணாம். அட்லாண்டிக்கைக் கடந்து வந்த, முசோலினியின் விமானப்படை அமைச்சர் இத்தாலோ பால்போவின் விமான அணி நினைவாக, முசோலினி ஆணைப்படி பாசிச இத்தாலி கொடுத்ததாம். ஒரு தெருவுக்கும் பால்போ பெயர் இருக்கிறது. ஒரு பாசிஸ்டை இந்த ஊர் ஏன் இப்படிக் கொண்டாடியது?

பட்டறை_சித்தப்பா:
தம்பி, 31 வருடம் விமானப் பராமரிப்பில் இருந்தவன் நான். அந்தப் பயணத்தை நினைத்தால் இன்றும் மயிர்க்கூச்செறிகிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

1933 ஜூலை 1, இத்தாலியின் ஓர்பெத்தெல்லோ. 25 சவோயா-மார்க்கெட்டி எஸ்.55 கடல் விமானங்கள் கிளம்பின. விசித்திரமான வண்டி அது. கட்டுமரம் மாதிரி இரண்டு மரத் தோணிகள், அவற்றை இணைக்கும் தடித்த இறக்கைக்கு உள்ளே விமானி உட்காருவார். தலைக்கு மேலே இரண்டு இஞ்சின் ஒன்றன்பின் ஒன்றாக, முன்னது இழுக்கும், பின்னது தள்ளும். ஆம்ஸ்டர்டாமில் இறங்கும்போதே ஒன்று கவிழ்ந்து ஓர் உயிர் போனது. ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் வானிலைக்காக ஒரு வாரம் காத்திருப்பு. அங்கிருந்து வட அமெரிக்கக் கரையில் லாப்ரடாரின் கார்ட்ரைட் வரை சுமார் 2,400 கி.மீ., வழியில் மூடுபனி. ஜூலை 15 அன்று 24 விமானமும் உங்கள் ஏரியில் இறங்கின. அத்தனை இஞ்சினும் அத்தனை நாள் ஓடியது என்றால், கீழே கிரீஸ் கையோடு நின்றவர்களை நான் கும்பிடுவேன்.

ஆனால் பால்போ யார்? இத்தாலியின் ஃபெராரா நகரத்தில் கருஞ்சட்டை போட்ட பாசிஸ்ட் அடியாட்களைத் திரட்டி விவசாயச் சங்கங்களை உடைத்தவர். முசோலினியை ஆட்சியில் ஏற்றிய 1922 ரோம் படையெடுப்பை நடத்திய நால்வரில் ஒருவர். 1923இல் அர்ஜெந்தாவில் தோன் மின்சோனி என்ற பாதிரியாரை அடித்தே கொன்றார்களே, அதிலும் இவர் பேர் அடிபட்டது. அட்லாண்டிக்கைத் தனியாகப் பறந்து கடந்த லிண்ட்பெர்க் மாதிரி தனி ஆள் சாகசம் இவருக்குப் பிடிக்காது. அணியாகப் பறக்க வேண்டும், பார்ப்பவனுக்கு ஒரு தேசமே ஒரே கட்டளைக்கு எழும்பியது போல் தெரிய வேண்டும். சிகாகோ பார்த்துக் கைதட்டியது அதைத்தான்.

அதே அணிவகுப்பு அப்புறம் எங்கே போனது தெரியுமா? இத்தாலி எத்தியோப்பியா மேல் படையெடுத்த பிறகு, 1936 ஜூன் 30 அன்று ஜெனீவாவில், உலக நாடுகள் சங்கத்தில் அந்நாட்டுப் பேரரசர் ஹெய்லி செலாசி எழுந்து பேசினார். இத்தாலிய விமானங்கள் 9, 15, 18 என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து, விஷப் பனி இடைவெளியே இல்லாத ஒரே விரிப்பாகப் படியும்படி தெளித்தன என்றார். மனிதர், மாடு, குளம், மேய்ச்சல் நிலம் எல்லாவற்றின் மேலும். விஷவாயுவைத் தடைசெய்த 1925 ஜெனீவா ஒப்பந்தத்தில் இத்தாலியும் கையெழுத்துப் போட்ட நாடு. அந்தப் பேச்சைப் படித்த பிறகு சிகாகோ படங்களை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை.

வரலாற்று_மாணவி:
ஐயா, ஒன்று சேர்த்துக்கொள்ளலாமா? எத்தியோப்பியப் போரின்போது பால்போ விமானப்படைப் பொறுப்பில் இல்லை. முசோலினி 1933 கடைசியிலேயே அவரை லிபிய ஆளுநராக நியமித்துவிட்டார். இத்தாலியின் 1938 யூத எதிர்ப்புச் சட்டங்களையும் ஜெர்மன் கூட்டையும் அவர் எதிர்த்தார். 1940 ஜூன் 28 அன்று லிபியாவின் தொப்ரூக்கில் தன் நாட்டுப் பீரங்கியே சுட்டு இறந்தார்.

பட்டறை_சித்தப்பா:
சரிதானம்மா, அந்த விஷத்தை அவர் தெளிக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் படையை ஏழு வருடம் வளர்த்தவர் அவர்தான். ஃபெராராவில் அடிபட்டவர்களுக்கு 1938 எதிர்ப்பு எந்த விதத்திலும் ஈடாகாது என்பது என் கருத்து.

தம்பி, தூண் வைக்க வேண்டிய இத்தாலிய விமானி ஒருவர் இருக்கிறார். லாரோ தெ போசிஸ், கவிஞர், வயது 29. இந்தக் காரியத்துக்காகவே விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். 1931 அக்டோபர் 3 அன்று பிரான்சின் தென்கரையிலிருந்து ‘பெகாசஸ்’ என்ற சின்ன விமானத்தில் தனியாகக் கிளம்பி, ரோம் நகரத் தெருக்களின் மேல் தாழப் பறந்து, முசோலினிக்கு எதிரான 4,00,000 துண்டுப்பிரசுரங்களைக் கொட்டினார். விமானப்படை அப்போது பால்போ கையில்தான் இருந்தது. தெ போசிஸ் திரும்பவில்லை. கடலில் விமானத்தின் துண்டுகூடக் கிடைக்கவில்லை.

ஏரிக்கரை_நடை:
ஐயா, இதை அலுவலக பஸ்ஸில் படித்தேன். அந்தக் கல்வெட்டின் கடைசி வரி இப்போதுதான் புரிகிறது. ஆண்டைக் குறிக்க, 1922 ரோம் படையெடுப்பிலிருந்து எண்ணி, ‘பாசிச சகாப்தம் 11’ என்று வெட்டியிருக்கிறார்கள். அடுத்த ஞாயிறு என் மகளையும் கூட்டிக்கொண்டு போகிறேன். தெ போசிஸ் கதையைத் தூணடியில் வைத்தே அவளுக்குச் சொல்லப்போகிறேன்.