இங்கிலாந்தில் போலீஸ் கதவைத் தட்டினால்

ஆளுக்கொரு அறையாக ஐந்து பேர் ஒரே வீட்டில் இருக்கிறோம், போலீஸ் வந்து சோதனை போடணும் என்றால் என்ன செய்வது என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். கதவைத் திறந்ததும் நம் வாயில் தானாக வரும் “உள்ளே வாங்க”தான் முதல் சிக்கல். ஊரில் அது மரியாதை. இங்கே, சம்மதம் கொடுத்தீர்களா இல்லையா என்ற வழக்காக அது மாறலாம்.

அதனால் வாசலிலேயே கேளுங்கள்: சோதனை போட கோர்ட் கொடுத்த வாரண்ட் இருக்கிறதா, இல்லை என் சம்மதத்தைக் கேட்கிறீர்களா? சம்மதத்தின் பேரில்தான் என்றால், நீங்கள் மறுக்கலாம் என்பதை அவர்களே சொல்ல வேண்டும். சம்மதத்தை முடிந்தவரை எழுத்தில் வாங்க வேண்டும். பாதியில் மனம் மாறினாலும் சொல்லலாம். வீட்டு ஓனர் சரி என்றார் என்பதை மட்டும் வைத்து உங்கள் அறையைச் சோதிக்கக் கூடாது. இதெல்லாம் ‘பேஸ்’ (PACE) என்று சொல்லப்படும், போலீஸ் அதிகாரம் பற்றிய 1984ஆம் வருடச் சட்டத்தின் நடைமுறை விதிகளில் இருக்கிறது.

வாரண்ட் இருந்தால் வழியை விட்டுவிடுங்கள். மறித்து நின்றால் அதுவே தனிக் குற்றம். ஆனால் பிரதியைக் கேட்டு வாங்கி, எந்த முகவரி, எதைத் தேடுகிறார்கள், என்றைக்குக் கொடுத்தது என்று பாருங்கள். மாஜிஸ்திரேட் கொடுக்கும் பேஸ் வாரண்ட் 3 மாதம் செல்லும். காரியம் கெட்டுவிடும் என்றால் தவிர, நியாயமான நேரத்தில்தான் வர வேண்டும். வக்கீலுக்கும் உங்களுக்கும் நடந்த கடிதப் போக்குவரத்தை எடுத்துப்போக வாரண்ட் இடம் கொடுக்காது.

வாரண்ட் இல்லாமலும் வரலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பெரிய குற்றத்துக்கு ஒருவரைக் கைது செய்ய, உயிரைக் காப்பாற்ற உள்ளே நுழையலாம். இது அதே சட்டத்தின் பிரிவு 17. தம்பி கேட்டதற்கு நேரான பதில் பிரிவு 18: அப்படியொரு குற்றத்துக்கு உங்களோடு இருப்பவர் கைதானால், அவர் இருக்கும் இடத்தைத் தேடலாம். பொதுவாக இன்ஸ்பெக்டரின் எழுத்து அனுமதி வேண்டும். அவர் அறையும், சமையலறை மாதிரிப் பொது இடமும் அதில் வரும். பூட்டியிருக்கும் உங்கள் அறை உங்களுடையது, வாடகை ஒப்பந்தமும் தனி என்றால், சத்தம் போடாமல் அப்போதே சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னதைக் கேட்காமல் தேடினால் கையால் தடுக்க வேண்டாம். அதிகாரியின் எண்ணைக் குறித்துக்கொண்டு அப்புறம் வக்கீலைப் பாருங்கள்.

இங்கே டிவி பார்க்க வாங்க வேண்டிய லைசென்ஸ் இருக்கிறதா என்று பார்க்க வருகிறவர் போலீஸ் இல்லை. வாரண்ட் இல்லாமல் உள்ளே வர அவருக்கு உரிமை கிடையாது, ஆனாலும் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தவர்கள் நம்மில் உண்டு!

நான் சொன்னது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும். எடின்பரோ, கிளாஸ்கோ பக்கம் போனவர்களுக்கு ஸ்காட்லாந்துச் சட்டம் தனி. அங்கே இருப்பவர் யாராவது எழுதினால் நல்லது.