மஞ்சள் பொலியெஸ்ரர் பாவாடையைப் பச்சையாக்க வழி இருக்கோ?

மாங்குளம் தையல்:
வணக்கம். நான் மாங்குளத்தில வீட்டில இருந்து தைக்கிறனான். போன வருசம் பள்ளிக்கூடத்து இல்ல விளையாட்டுப் போட்டிக்கு, மஞ்சள் இல்லப் பிள்ளையளுக்கு 18 பாவாடை தைச்சுக் குடுத்தனான். இந்த முறை பச்சை இல்லம் கேக்குது. பொறுப்பான ரீச்சர், "அக்கா, புதுத்துணி எடுக்கக் காசில்லை, அதையே சாயம் போட்டுத் தாங்கோ" எண்டா. நானும் ஓம் எண்டிட்டன்.

பச்சைச் சாயப் பக்கற் ஆறு வாங்கி, முதல் ஒரு பாவாடையை மட்டும் நெல் அவிக்கிற கிடாரத்தில உப்புப் போட்டு அரை மணித்தியாலம் அவிச்சன். கிடாரத்துக்க பாக்க வடிவான கரும்பச்சை. கிணத்தடியில அலசினால் பச்சை முழுக்க வாய்க்காலால ஓடிட்டுது. பாவாடை பழைய மஞ்சள். இடுப்புக்குள்ள போட்ட நாடா மட்டும் நல்ல பச்சையாப் பிடிச்சு நிக்குது! வினாகிரி விட்டும் பாத்தன், அதே கதைதான். சாயம் பிழையோ, எங்கட கிணத்துத் தண்ணி பிழையோ? மூண்டு கிழமைதான் இருக்கு. மற்ற 17ஐயும் தொடப் பயமாக் கிடக்கு.

பரந்தன் அண்ணை:
தங்கச்சி, ரெண்டிலயும் பிழையில்லை. உங்கட நாடா பருத்தி, பாவாடை பொலியெஸ்ரர். கடையில விக்கிற பக்கற் பருத்திக்கும் ரயோனுக்கும்தான் பிடிக்கும். வினாகிரி நைலோனுக்கும் பட்டுக்கும் உரிய சாயத்தோட சேர்ந்தாத்தான் வேலை செய்யும். பொலியெஸ்ரர் தண்ணியைக் குடிக்காத நூல், தண்ணியில கரைஞ்ச சாயம் அதுக்குள்ள போக வழியில்லை.

நான் ஆறு வருசம் ஒரு ஆடைத் தொழிற்சாலையில சாயப்பகுதியில நிண்டனான். பொலியெஸ்ரருக்கு டிஸ்பேர்ஸ் எண்டு வேற சாயம், நுணுக்கத் தூளாத் தண்ணியில மிதக்கிறது. சூடு 80 பாகைக்கு மேல போகப் போகத்தான் நூல் இளகி அதை உள்ள விடும். அங்க மூடின மெசினுக்க அமுக்கம் குடுத்து 130 பாகைக்குக் கொண்டு போவம். வீட்டு அடுப்பில 100க்கு மேல ஏறாது. அதுக்காக ஒருக்காலும் பிரஷர் குக்கரில வைச்சுப் பாக்காதேங்கோ.

வீட்டில செய்யிறதுக்கெண்டு ரிட் டைமோர் எண்ட போத்தல் இருக்கு. அதே கொம்பனியின்ர சாதாரணச் சாயம் பொலியெஸ்ரருக்குச் சரிவராது, பேரைப் பாத்து வாங்கோணும். கொதி குறையாம முக்கால் மணித்தியாலமெண்டாலும் கிளறிக்கொண்டே நிக்கோணும். பாலை விறகெண்டா நிண்டு எரியும். இறக்கினவுடன குளிர்ந்த தண்ணியில போடாதேங்கோ, அப்ப விழுற மடிப்பு ஸ்திரிக்கைக்கும் போகாது. மஞ்சளுக்கு மேல நீலம் போட்டாலே பச்சை வரும், ஆனா முதல் துண்டுத்துணியில பாருங்கோ.

ஒரு போத்தல் ஏறக்குறைய 900 கிராம் துணிக்குத்தான் காணும். பாவாடை ஒண்டு 200 கிராம் எண்டாலும் 18க்கும் 3.6 கிலோ, நாலு போத்தல். எல்லாம் ஒரே சட்டியில அடங்காது, தரத்துக்குத் தரம் நிறம் மாறும். மைதானத்தில வரிசையா நிக்கேக்க அந்த வித்தியாசம் பளிச்செண்டு தெரியும்.

இன்னொண்டு. நெல் அவிக்கிற கிடாரத்தை இனி இதுக்குத் தொடாதேங்கோ பிள்ளை. சாயச் சட்டியும் தடியும் சாப்பாட்டுப் பக்கம் வரவே கூடாது. அவிக்கிறதும் வெளியில காத்துப்படுற இடத்தில.

முள்ளியவளை மாமி:
பிள்ளை, தம்பி சொல்லுறது சரி. ஓரத்தில ஒரு நூலை உருவி நெருப்பில காட்டிப் பாரும். பருத்தியெண்டா கடதாசி மாதிரி எரிஞ்சு சாம்பலாகும். பொலியெஸ்ரர் உருகிச் சுருண்டு, ஆறினாப் பிறகு கறுத்த மணி மாதிரி இறுகிப்போம். கடைக்காரன் கொட்டன் எண்டு சொன்னாலும் நான் நூலை எரிச்சுப் பாக்காமல் சாயம் வாங்கிறேல்லை. எனக்கெண்டா அந்தப் பாவாடையளை மஞ்சள் இல்லத்திட்டையே திருப்பிக் குடுக்கிறதுதான் புத்தி. பச்சை இல்லத்துக்கு இடுப்புப் பட்டியும் தலைப்பட்டியும் போதும். எல்லாப் பிள்ளையளிட்டையும் வெள்ளைச் சீருடை இருக்குத்தானே.

மாங்குளம் தையல்:
அண்ணை, மாமி, நேற்றே நூலை எரிச்சுப் பாத்தன். மாமி சொன்ன கறுத்த மணிதான். பாவாடையைப் பலசரக்குக் கடைத் தராசில வைச்சன், 260 கிராம். கணக்குப் பாக்க ஆறு போத்தல் வருது, அந்தக் காசுக்குப் புதுத்துணியே எடுக்கலாம். ரீச்சரிட்ட நேர போய், யோசிக்காம ஓம் எண்டது என்ர பிழை எண்டு சொன்னன். அவ கோவிக்கேல்லை.

மிச்சம் இருந்த நாலு பக்கற்றையும் பழைய வெள்ளைப் பருத்திப் படுக்கை விரிப்புக்குப் போட்டன், ஓட்டை விழுந்த பழைய அலுமினியச் சட்டியை அடைச்சு, கொல்லையில கல் அடுப்பு மூட்டி. மூண்டு தரம் அலசியும் நிறம் நிண்டுது. இப்ப 18 இடுப்புப் பட்டி வெட்டியாச்சு, ஓரம் அடிக்கிறன். கிடாரத்தைச் சாம்பல் போட்டு நாலு தரம் தேய்ச்சன், அடியில பச்சை இன்னும் போகேல்லை. சாயச் சட்டி சாப்பாட்டுப் பக்கம் வரக்கூடாதெண்டு அண்ணை சொன்னதால, அதை இனிச் சாயத்துக்கெண்டே ஒதுக்கி வைச்சிட்டன். அறுவடைக்கு முதல் வேற கிடாரம் பாக்கோணும்.