அண்டர்-14 லீக் காலை 8.30, ஆராதனையும் காலை 8.30: ஞாயிறு யாருக்கு?

மூணாம்மணி:
தெற்கு மாவட்டங்களில் கோயிலுக்கு (சர்ச்சுக்கு) ஒழுங்காகப் போகிற கிறிஸ்தவ வீடுகளில் பையனுக்குப் பதிமூணு வயசானால் இந்தப் பஞ்சாயத்து வந்துவிடுகிறது. பள்ளிக்கூடப் போட்டிகளில் சிக்கல் இல்லை. குறுவட்டம், மாவட்டம் எல்லாம் பெரும்பாலும் வேலைநாளில் முடிந்துவிடும். மாட்டுவது கிரிக்கெட் லீக்கும் அகாடமி மேட்சும்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 ஓவர் மேட்ச், 8.30-க்கு முதல் பந்து. பெரியவர்கள் மணிக்கு 14 ஓவர் வீசுவார்கள். சின்னப் பசங்க வைடு, நோபால், ஷூ லேஸ் எல்லாம் சேர்த்து 12 தாண்டமாட்டார்கள். ஒரு இன்னிங்ஸுக்கு இரண்டரை மணி, நடுவில் 20 நிமிடம், ஆக முடிய 1.50 ஆகும். வீடு வந்து சேர மூணு மணி. ஆராதனை, ஓய்வுநாள் பள்ளி (சண்டே ஸ்கூல்) இரண்டும் போச்சு. லீக், அகாடமி மேட்ச் எல்லாம் சேர்த்து நாலு மாச சீசனில் இப்படிப் பதினாறு, பதினேழு ஞாயிறு வரை. திடப்படுத்தல் (கன்ஃபர்மேஷன்) வகுப்பும் அநேகமாக இதே வயசில்தான் வருகிறது.

என் கட்சி இதுதான்: ஞாயிறு காலை மேட்ச் வேண்டாம். சபை கூடிவருவதை விட்டுவிடாதீர்கள் என்று எபிரெயர் 10:25 சொல்வதில் சீசன், ஆஃப் சீசன் கிடையாது.

ஆஃப்ஸ்பின்:
மூணாம்மணி பிரதர், கணக்கு சரி, தீர்ப்பு தப்பு. யாரும் கோயிலுக்கு எதிராக ஞாயிற்றைப் பிடித்து வைக்கவில்லை. கிரவுண்ட் பள்ளிக்கூடத்துடையது, வாரநாளில் கிடைக்காது. பல தனியார் பள்ளிகளில் சனிக்கிழமையும் வகுப்பு உண்டு. அம்பயர், ஸ்கோரர் எல்லாம் வேறு வேலை பார்க்கிறவர்கள். மிஞ்சுவது ஞாயிறு.

"கோயில் முடிந்து 11.30-க்கு ஆரம்பியுங்களேன்" என்பார்கள். ஆரம்பித்தால் 4.50-க்கு முடியும், வெளிச்சமும் இருக்கும். ஆனால் மே மாசம் உச்சி வெயிலில் பேட், ஹெல்மெட் கட்டி 13 வயசுப் பையனை நிறுத்துவது சரியில்லை. அதோடு மத்தியானம் அதே மேட்டிங்கில் சீனியர் மேட்ச் இருக்கும். ஒரு மணிக்கு ஆரம்பித்தாலோ 6.20 ஆகும். கடைசி ஓவர்களில் வெளிச்சம் மங்கும்.

செலக்ஷன் விஷயம் இன்னும் கறார். தேர்வாளர் பார்ப்பது ஸ்கோர்ஷீட். லீக்கில் சீசனுக்கு எட்டு மேட்ச், எட்டும் ஞாயிறு. வராத பையன் மோசமாக ஆடினான் என்று யாரும் சொல்லப்போவதில்லை, அவன் பெயரே தாளில் இருக்காது. ஓய்வுநாள் மனுஷனுக்காக என்று மாற்கு 2:27-ல் இருக்கிறதே, அதையும் வாசியுங்கள்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். இதே பையன் பன்னிரண்டாவது வந்து ஞாயிறு காலை நீட் கோச்சிங் போனால் எத்தனை வீட்டில் எபிரெயர் 10:25 ஞாபகம் வரும்?

அலைவாய்க்கரை:
நீட் கேள்விக்கு யாரும் பதில் சொல்லமாட்டார்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள் அண்ணே :)

ஆர்சி (ரோமன் கத்தோலிக்க) ஆட்களுக்கு வழி ஏற்கனவே இருக்கிறது. திருச்சபைச் சட்டம் 1248-ன்படி முந்தின நாள் மாலைத் திருப்பலியில் கலந்துகொண்டாலும் ஞாயிறு கடமை நிறைவேறும். மாலை என்பது முக்கியம். சனிக்கிழமை 11 மணிக் கல்யாணப் பூசை கணக்கில் வராது. இரண்டுக்குமே வழியில்லை என்றால் பங்குத்தந்தையிடம் கேளுங்கள். தகுந்த காரணம் இருந்தால் குறிப்பிட்ட ஒரு தடவைக்கு விலக்கு கொடுக்க 1245 அவருக்கு அதிகாரம் தருகிறது. மேட்ச் முடிந்த பிறகு போய்ச் சொல்வது அனுமதி ஆகாது.

காலை ஆறு மணிப் பூசைக்குப் போய்விட்டு மேட்சுக்கு ஓடுகிறவர்கள் தடுக்கி விழுவது சாப்பாட்டில். நற்கருணைக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து உண்ணக்கூடாது. தண்ணீருக்கும் மருந்துக்கும் தடை இல்லை. நிறைய அம்மாக்கள் ராத்திரியிலிருந்தே பட்டினி போட்டு அனுப்புகிறார்கள், அது பழைய ஒழுங்கு. 6.40-க்கு நற்கருணை என்றால் 5.40 வரை சாப்பிடலாம். 5.15-க்கு இரண்டு வாழைப்பழம், ஒரு டம்ளர் பால். 6.50-க்குப் பூசை முடிந்ததும் நாலு இட்லி, கொஞ்சம் சர்க்கரை. எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். 8.30-க்குள் வயிறு லேசாகிவிடும். வெறும் வயிற்றோடு ஃபீல்டிங் நிற்கிற பையன் பத்தாவது ஓவரில் தலைசுற்றி உட்காருவது இதனால்தான்.

ஆனால் ஒரு ஓட்டை உண்டு. சனி மாலைப் பூசை கடமையைத் தீர்க்கும், மறைக்கல்வி வகுப்பைத் தீர்க்காது. வகுப்பு ஞாயிறு காலைப் பூசைக்குப் பிறகுதான். முதலில் விடுபடுவது அதுதான், அடுத்து பீடச்சிறுவர் முறை.

எங்கள் கடலோரக் கதை வேறு. ஞாயிறு தொழிலுக்குப் போகாத ஊர்கள் இவை. தூத்தூர் பக்கம் கால்பந்து என்றால் உயிர். ஞாயிறு பந்து தட்டுவதை யாரும் பாவம் என்பதில்லை. சாயங்காலம், மணி அடித்து முடிந்த பிறகு ஆட்டம், அவ்வளவுதான்.

மூணாம்மணி:
அலைவாய்க்கரை, உங்கள் சனி மாலை எங்களிடம் இல்லையே. டவுன் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) கோயில் சிலவற்றில் விடியற்காலை ஆராதனை உண்டு, கிராமச் சேகரத்தில் (ஒரு போதகரின் கீழ் உள்ள சபைகளில்) ஒரே ஆராதனைதான். அந்த விடியற்காலை ஆராதனையும் திருவிருந்து ஞாயிறு அன்று கைகொடுக்காது. சாதாரண நாளில் 6 மணிக்கு ஆரம்பித்தால் 7.15-க்கு வெளியே வரலாம். மாசத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து வரிசை நீண்டால் எட்டு. டாஸுக்கு முன்னால் 7.45-க்கு வரச்சொல்கிற கோச்சிடம் இது செல்லாது.

நீட் கேள்வி நியாயம்தான். அதுவும் தப்புதான் என்பேன். ஒரு தப்பைக் காட்டி இன்னொன்றை நியாயப்படுத்தக் கூடாது.

தடகளம்400:
எல்லாச் சர்ச்சிலும் ஸ்காட்லாந்து ஓட்டக்காரர் எரிக் லிடல் கதையைப் பிரசங்கத்தில் சொல்கிறார்கள், பாதியை விட்டுவிட்டு. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஹீட்ஸ் (முதல் சுற்று) ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை. அவர் ஓடவில்லை. கடைசி நிமிஷத்தில் கையை உதறவில்லை என்பதுதான் விஷயம். அட்டவணை பல மாசம் முன்பே தெரிந்து, 400 மீட்டருக்குப் பயிற்சி எடுத்தார். 200-ல் வெண்கலம், 400-ல் 47.6 வினாடியில் தங்கம். ஞாயிறு வந்த ரிலேக்களையும் விட்டார்.

நம்மூர் தடகள மீட்டுக்கு இதை இறக்கினால்: இரண்டு நாள் மீட், சனி ஞாயிறு. எந்த இவென்ட் எந்த நாள் என்ற பட்டியல் என்ட்ரி கட்டும் முன்பே பெரும்பாலும் வந்துவிடும். அமைப்பாளருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு, சனிக்கிழமை ஃபைனல் முடிகிற இவென்ட்டில் பெயர் கொடுங்கள். நீளம் தாண்டுதல், குண்டு எறிதல் மாதிரி ஃபீல்டு இவென்ட் பல மீட்டில் ஒரே அமர்வில் முடியும். ஓட்டத்தில் சனி ஹீட்ஸ், ஞாயிறு ஃபைனல் என்று பிரிப்பார்கள். ஹீட்ஸ் ஜெயித்துவிட்டு ஃபைனலுக்கு வராமல் போவதுதான் ரொம்ப மோசம், இன்னொரு பிள்ளையின் லேன் வீணாகும்.

ஓய்வைப் பற்றியும் ஒன்று. வாரத்தில் ஒரு நாளாவது, முடிந்தால் இரண்டு நாள், அந்த விளையாட்டிலிருந்து பிள்ளைக்கு விடுப்பு வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தைநல மருத்துவ அகாடமியின் பரிந்துரை. பிள்ளையின் வயசை விட வாரப் பயிற்சி மணி அதிகமானால் மிகைப்பயன்பாட்டுக் காயங்களும் கூடுகின்றன. 13 வயசுக்கு 13 மணி. தினம் காலை ஒன்றரை, சாயங்காலம் ஒன்று என்று ஆறு நாளுக்கு 15 மணி ஆகிவிட்டது, ஏழாவது நாள் மேட்ச் வேறு. முழங்கால், குதிகால், வேகப்பந்து போடுகிற பையனுக்குக் கீழ்முதுகு, இவைதான் முதலில் பேசும்.

ஆஃப்ஸ்பின்:
அக்கா, ஓட்டக்காரர் இவென்ட் மாற்றலாம். பதினொரு பேர் ஆட்டத்தில் எதை மாற்றுவது? நியூசிலாந்து ரக்பியில் மைக்கேல் ஜோன்ஸ் ஞாயிறு ஆடமாட்டார். 1991 உலகக் கோப்பை அரையிறுதி ஞாயிறு வந்தது. அவர் இல்லாமல் ஆஸ்திரேலியாவிடம் 16-6 தோற்றார்கள். 1995-ல் காலிறுதி, அரையிறுதி இரண்டும் ஞாயிறு என்பதால் அணியிலேயே எடுக்கவில்லை. இன்னொரு பக்கம் டிரிபிள் ஜம்ப் ஜோனதன் எட்வர்ட்ஸ். ஞாயிறு காரணமாக 1991 உலகப் போட்டியை விட்டார், 1993-ல் மனசு மாறி ஞாயிறும் தாண்டினார், 1995-ல் 18.29 மீட்டர் உலக சாதனை.

மூணாம்மணி:
அதே எட்வர்ட்ஸ் பின்னால் விசுவாசத்தையே விட்டுவிட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் பிரதர்.

ஆஃப்ஸ்பின்:
ஞாயிறு தாண்டியதால் விட்டார் என்று யார் சொன்னது? இப்படி முடிச்சுப் போடுவதால்தான் பசங்க ஐயரிடம் (போதகரிடம்) வாய் திறப்பதில்லை.

கூடாரம்:
பெந்தெகொஸ்தே சபை நிலைமையையும் கேளுங்கள். ஒன்பதுக்குத் துதி ஆரம்பித்தால் பன்னிரண்டரை. வேறு நேரம் இல்லை, "சீக்கிரம் போய்விட்டு வருகிறேன்" என்பதும் இல்லை. சில பாஸ்டர்கள் விளையாட்டையே உலக இன்பம் என்று தள்ளுவார்கள். ஆனால் கூடைப்பந்து 1891-ல் ஒய்எம்சிஏ (கிறிஸ்தவ வாலிபர் சங்கம்) பயிற்சிப் பள்ளியில் பிறந்தது, வாலிபால் 1895-ல் இன்னொரு ஒய்எம்சிஏவில். நந்தனம் உடற்கல்விக் கல்லூரியை ஹாரி க்ரோ பக் 1920-ல் தொடங்கியதும் ஒய்எம்சிஏ வேலையாகத்தான். விளையாட்டு நம் வீட்டுப் பிள்ளைதான். அதற்காக மூத்த பிள்ளையான ஆராதனையின் பங்கைக் கேட்கக் கூடாது.

ஆன்லைனில் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு சமாதானம் உண்டு. பெவிலியனில் இயர்போன் மாட்டி, விக்கெட் விழுந்தால் நிமிர்ந்து பார்க்கிறவன் இரண்டிலும் இல்லை. அதற்குப் பதில் வெள்ளி உபவாசக் கூட்டத்திலோ வீட்டு ஜெபத்திலோ உட்காரவைக்கலாம். விடுபட்ட ஆராதனைக்கு அது ஈடு என்று சொல்லமாட்டேன், பிள்ளை சபை ஆட்களின் முகத்தை மறக்காமல் இருப்பான்.

தடகளம்400:
சீசனுக்கு முன்னால் கோச்சுக்கு ஒரே ஒரு மெசேஜ் போடுங்கள். வாரா வாரம் சனி ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் கெஞ்சினால் கோச்சும் வெறுப்பார். இப்படி:

"சார், வணக்கம். இந்த சீசனில் பையன் வராத தேதிகள்: குருத்தோலை ஞாயிறு மார்ச் 21, ஈஸ்டர் மார்ச் 28, எங்கள் ஊர் அசனம் (கோயில் விருந்து) இருக்கும் ஞாயிறு (தேதி வந்ததும் சொல்கிறேன்). மாசத்தின் முதல் ஞாயிறு 9 மணிக்குத்தான் வரமுடியும், அன்று பதினொன்றில் போடவேண்டாம், பன்னிரண்டாவது ஆளாக வைத்தாலும் சரி. மற்ற ஞாயிறு 7.45-க்கு இருப்பான். சனி நெட்ஸ் தவறாது."

2027 தேதி போட்டிருக்கிறேன், வருஷா வருஷம் மாறும். சேகரத்துக்கும் இதே மாதிரி ஒன்று: எந்த ஞாயிறுகளில் பையன் இருக்கமாட்டான், திடப்படுத்தல் வகுப்பை வெள்ளி சாயங்காலம் எடுக்க முடியுமா என்று. நாலு பையன்கள் சேர்ந்து கேட்டால் பெரும்பாலும் நடக்கும். தனியாகக் கேட்டால் நடக்காது.

மூணாம்மணி:
மெசேஜ் நன்றாக இருக்கிறது. ஆனால் "மற்ற ஞாயிறு 7.45-க்கு இருப்பான்" என்பதில்தான் நான் நிற்கிறேன். மாசத்துக்கு மூணு ஞாயிறைக் கொடுத்துவிட்டு ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள்.

அலைவாய்க்கரை:
அந்த மூணுக்கும் விடியற்காலை ஆராதனையோ சனி மாலையோ இருக்கிற வீட்டுக்குத்தான் இந்த மெசேஜ். கூடாரம் பிரதர் சபைக்கு இது பொருந்தாது. அவர்களுக்குச் சாயங்காலம் ஆடுகிற கால்பந்தோ சனிக்கிழமை மீட்டோ பார்ப்பதுதான் வழி, கிரிக்கெட் லீக் இல்லை.

ஆஃப்ஸ்பின்:
மெசேஜை ஏற்கிறேன். மூணாம்மணி பிரதர் மாதிரி ஞாயிறே கிடையாது என்கிறவர்கள் லீக் டீமில் பெயர் கொடுக்காமல், வாரநாள் பள்ளிப் போட்டியை மட்டும் நம்புவது நேர்மை. பாதி சீசனில் நின்றால் இன்னொருவன் இடம் போகிறது.

கடைசியாக ஒன்று. தயவுசெய்து "காய்ச்சல்" என்று எழுதாதீர்கள். ஈஸ்டருக்குக் காய்ச்சல் என்றால் கோச் நம்பிவிடுவார், அடுத்த வாரமும் ஓய்வு எடுக்கட்டும் என்று உட்காரவைப்பார். கோயில் என்றே எழுதுங்கள், ஒரு மேட்ச்தான் போகும்.