கான்சாஸ் – மிசூரி: வருடத்துக்கு ஒரு டிசம்பர் மேட்ச் போதுமா?

லாரன்ஸ்_பழையமாணவன்

எல்லாருக்கும் வணக்கம். 2012 பிப்ரவரி 25 அன்று கான்சாஸ் – மிசூரி காலேஜ் பாஸ்கெட்பால் மேட்சுக்கு எங்கள் அரங்கமான ஆலன் ஃபீல்ட்ஹவுஸில் இருந்தேன், அப்போது கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படித்துக்கொண்டிருந்தேன். எதிரணிக்காரர்களின் பெயரை அறிவிக்கும்போது மாணவர்கள் எல்லாரும் செய்தித்தாளை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்து, அவர்களைக் கண்டுகொள்ளாத மாதிரி நிற்போம், நம் அணி ஓடி வந்ததும் அதே தாளைக் கிழித்து மேலே வீசுவோம். அன்றைக்கு மிசூரி எங்களை 19 பாயிண்ட் பின்னால் தள்ளியிருந்தது. அங்கிருந்து மீண்டு ஓவர்டைம் வரை போய் 87–86 என்று ஜெயித்தோம். கடைசியில் டைஷான் டெய்லர் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டபோது எழுந்த சத்தத்தில் பக்கத்தில் நின்றவன் கத்துவதுகூடக் கேட்கவில்லை. வெளியே வந்த பிறகுதான் உறைத்தது, மிசூரி எங்கள் பிக் 12 கான்ஃபரன்ஸை (தங்களுக்குள் ஆடும் காலேஜ்களின் லீக்) விட்டு எஸ்.இ.சி. என்ற வேறு கான்ஃபரன்ஸுக்குப் போகிறது, 1907-லிருந்து நடந்துவந்த மேட்ச் அடுத்த வருடம் கிடையாது. பல வருடம் கழித்துத்தான் டிசம்பரில் ஒரே ஒரு மேட்ச் என்று திரும்பி வந்தது.

இப்போது கான்சாஸ் சிட்டியில் இருக்கிறேன், பையனுக்கு 10 வயது, கான்சாஸ் மேட்ச் ஒன்று விடமாட்டான். ஆனால் போன வாரம் அவன் என்னிடம் "அப்பா, மிசூரியை நாம ஏன் வெறுக்கணும்?" என்று கேட்டான். சொல்லிப் பார்த்தேன், அவனுக்கு ஏறவில்லை. கான்சாஸ் இருக்கும் லாரன்ஸிலிருந்து மிசூரி இருக்கும் கொலம்பியாவுக்குக் காரில் 3 மணி நேரம்கூட ஆகாது, அவர்கள் வேறு கான்ஃபரன்ஸ். லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் யு.சி.எல்.ஏ.வும் நியூ ஜெர்சியில் இருக்கும் ரட்கர்ஸும் ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் தள்ளி, அவர்கள் ஒரே கான்ஃபரன்ஸ். இதை யார், எதற்காக முடிவு செய்கிறார்கள்? பழைய பகை இதில் பிழைக்குமா?

பிரஸ்_டேபிள்

முதல் கேள்விக்குப் பதில் சுலபம்: ஃபுட்பால், அதாவது அமெரிக்க ஃபுட்பால். 1984-ல் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு கொடுத்தது, காலேஜ் ஃபுட்பாலின் டிவி உரிமையை, காலேஜ் விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. மொத்தமாகக் கையில் வைத்திருக்கக் கூடாது என்று. அதிலிருந்து காலேஜ்களும் கான்ஃபரன்ஸ்களும் தாங்களே டிவிக்காரர்களோடு பேரம் பேச ஆரம்பித்தன. பேரம் பேச எத்தனை பெரிய ஊர்கள் கையில் இருக்கின்றன என்பதுதான் கணக்கு. 2022-ல் பிக் டென் (யு.சி.எல்.ஏ.வும் ரட்கர்ஸும் இருக்கும் கான்ஃபரன்ஸ்) போட்ட டிவி ஒப்பந்தம் 7 வருடத்துக்கு 700 கோடி டாலருக்கும் மேல். அந்தப் பணத்தில் பெரும்பங்கு ஃபுட்பாலுக்காக வருவது. பாஸ்கெட்பால் அணி கூடவே இழுபட்டுப் போகிறது, அதன் கோச்சையோ ரசிகரையோ யாரும் கேட்பதில்லை.

பாஸ்கெட்பாலை முன்னால் வைத்து முடிவெடுத்த காலேஜ்களும் உண்டு. 2013-ல் ஜார்ஜ்டவுன், வில்லனோவா, செயின்ட் ஜான்ஸ், பிராவிடன்ஸ் உட்பட 7 கத்தோலிக்கக் காலேஜ்கள் பழைய பிக் ஈஸ்ட் கான்ஃபரன்ஸிலிருந்து தனியே பிரிந்து, பெயரையும் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் நடக்கும் டோர்னமென்டையும் தங்களோடு எடுத்துக்கொண்டன. 2020-ல் கனெக்டிகட் அங்கேயே திரும்பி வந்தது, 2023, 2024 என்று அடுத்தடுத்து இரண்டு தேசியப் பட்டமும் அடித்தது.

ஆரஞ்சு_அண்ணாச்சி

தம்பி, பிக் ஈஸ்ட் பேச்சை எடுத்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை, நான் சிரக்யூஸ்காரன். 2009 மார்ச் 12, கார்டனில் சிரக்யூஸ் – கனெக்டிகட், ஆறு ஓவர்டைம், 127–117. மேட்ச் முடியும்போது இரவு மணி 1:22. முதல் ஐந்து ஓவர்டைமில் ஒரு நொடிகூட நாங்கள் முன்னிலையில் இல்லை, ஆறாவதில்தான் முந்தினோம். ஜானி ஃப்ளின் 70 நிமிடத்தில் 67 நிமிடம் ஆடினான். காலையில் எனக்கு வேலை, இருந்தும் டிவி முன்னாலிருந்து எழுந்திருக்க முடியவில்லை.

அந்த ஆட்டத்துக்கு அவ்வளவு வேகம் எங்கிருந்து வந்தது? இரண்டு அணியும் வருடா வருடம் ஒருவரையொருவர் பார்த்துப் பார்த்துப் புண்பட்டிருந்தார்கள், அதிலிருந்துதான். 2013-ல் நாங்கள் பிக் ஈஸ்டை விட்டு ஏ.சி.சி. கான்ஃபரன்ஸுக்குப் போனோம். அங்கே இருக்கும் டியூக் வந்தால் ஸ்டேடியம் நிரம்புகிறது, மறுக்கவில்லை. ஆனால் ஜார்ஜ்டவுன் வந்தால் வயிற்றில் ஒரு கலக்கம் வருமே, அது வேறு. 2015-ல் பழைய பிக் ஈஸ்ட் எதிரி ஜார்ஜ்டவுனோடு மறுபடி ஆட ஆரம்பித்தோம், பெரும்பாலும் சீசன் ஆரம்பத்தில். பிப்ரவரியில் கான்ஃபரன்ஸ் பட்டம் கைக்கெட்டும் நேரத்தில் ஆடுவதும் இதுவும் ஒன்றாகுமா?

புளூகிராஸ்_ரவி

அண்ணாச்சி, இங்கேதான் நான் மாறுபடுகிறேன். ஒரே கான்ஃபரன்ஸில் இருந்தால்தான் பகை என்பது சரியில்லை. கென்டக்கியும் லூயிவிலும் ஒரே மாநிலம், ஆனால் பல வருடம் கென்டக்கி லூயிவிலோடு வழக்கமான சீசனில் ஆடவே மறுத்தது. 1983-ல் என்.சி.ஏ.ஏ. டோர்னமென்டில் மோதியே ஆக வேண்டி வந்தது, லூயிவில் ஓவர்டைமில் 80–68 என்று ஜெயித்தது. மாநிலமே பேசியது, அதே வருடக் கடைசியிலிருந்து மேட்ச் தொடங்கிவிட்டது. கென்டக்கி எஸ்.இ.சி., லூயிவில் எத்தனையோ கான்ஃபரன்ஸ் மாறிவிட்டது, ஆனாலும் கல்யாணத் தேதி வைப்பவர்கள்கூட இந்த மேட்ச் என்றைக்கு என்று பார்த்துத்தான் வைக்கிறார்கள். சின்சினாட்டி – சேவியரும் அப்படித்தான், ஒரே ஊர், வேறு வேறு கான்ஃபரன்ஸ், ஒவ்வொரு வருடமும் மேட்ச் உண்டு.

ஆகவே கேள்வி, இரண்டு காலேஜும் உட்கார்ந்து கையெழுத்துப் போடத் தயாரா என்பதுதான். 2012-க்குப் பிறகு மிசூரி கூப்பிட்டுக்கொண்டே இருந்தது, கான்சாஸ்தான் வீம்பாக மாட்டேன் என்றது. நம்மை விட்டுப் போனவனோடு நமக்கு என்ன பேச்சு என்ற பங்காளிக் கோபம். புரிகிறது, ஆனால் அதில் ஒரு தலைமுறைக்கே அந்த மேட்ச் கிடைக்காமல் போனது.

பிரஸ்_டேபிள்

ரவி சொல்வது சரி, ஆனால் பெரிய கான்ஃபரன்ஸுக்கு உள்ளேயே இதே கதை நடக்கிறது. பிக் டெனில் இப்போது 18 அணி, 20 மேட்ச். 3 அணியோடு இரண்டு முறை, மீதி 14 அணியோடு ஒரே முறை. பழைய மாதிரி எல்லாரோடும் அவர்கள் ஊரில் ஒன்று, நம் ஊரில் ஒன்று என்று ஆட நாளே இல்லை. ஒரு முறை தோற்றால் மூன்று வாரத்தில் திருப்பிக் கொடுக்கலாம் என்ற வாய்ப்பே போய்விட்டது.

லாரன்ஸ்_பழையமாணவன்

எல்லாருக்கும் நன்றி. ரவி சார், கான்சாஸ் வீம்பு பிடித்தது உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். அந்த நேரத்தில் நானும் "அவனுங்களோட ஆடவே கூடாது" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பையனிடம் 1863-ல் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது மிசூரிப் பக்கத்திலிருந்து வந்த குவான்ட்ரில் கும்பல் லாரன்ஸைக் கொளுத்தி 150 பேருக்கு மேல் கொன்றதைச் சொன்னேன். அதற்குப் பதிலடியாக மிசூரியின் எல்லை மாவட்டங்களில் ஆயிரக்கணக்கானவர்களை ராணுவம் வீட்டை விட்டு வெளியேற்றியதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டான், அவ்வளவுதான். அப்புறம் 2024 டிசம்பர் 8 ஆட்டத்தைப் போட்டுக் காட்டினேன். நாம் தேசிய ரேங்கிங்கில் நம்பர் ஒன், கொலம்பியாவில் போய் 76–67 என்று தோற்றோம், மிசூரி மாணவர்கள் கோர்ட் முழுக்க இறங்கிக் கொண்டாடினார்கள். அதைப் பார்த்து முகம் சிவந்து, "அடுத்த மேட்ச் எப்ப?" என்றான்.

டிக்கெட் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். மேல்வரிசை மர பெஞ்சு கிடைத்தாலும் போதும், இரண்டு பேர். யாருக்காவது கூடுதல் டிக்கெட் இருந்தால் சொல்லுங்கள்.