பெயர் மாறிப் பணம் வந்தால் காயினை ரிலீஸ் செய்யாதீர்கள்

வண்ணார்பேட்டை உறுப்பினர்:

பி2பியில், அதாவது கிரிப்டோ தளம் வழியாக ஆளுக்கு ஆள் நேரடியாக வாங்கி விற்கும் முறையில், யூஎஸ்டிடி (டாலர் மதிப்பை ஒட்டிய கிரிப்டோ காயின்) விற்கிறவர்கள், பணம் அனுப்பியதாகக் காட்டும் போலி ஸ்கிரீன்ஷாட்டுக்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். வங்கி ஆப்பைத் திறந்து இருப்பைப் பார்த்தால் அந்தப் பொய் உடைந்துவிடும். (எஸ்எம்எஸ்ஸை நம்பாதீர்கள், அதையும் போலியாக அனுப்புகிறார்கள்.) என்னைக் கேட்டால், உண்மையாகவே வந்து சேருகிற பணத்தில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது.

திசையன்விளையில் கடை வைத்திருக்கும் என் மாமா மகனுக்கு அப்படித்தான் நடந்தது. விற்ற காயினுக்கு 40,000 ரூபாய் சரியாக வந்துவிட்டது. ஆனால் ஆர்டரில் ஒரு பெயர், பணம் அனுப்பியவர் வேறு பெயர். கேட்டதற்கு, "அது எங்க சித்தப்பா அக்கவுண்ட், ப்ரோ" என்று பதில். இவனும் காயினை ரிலீஸ் செய்துவிட்டான், அதாவது தளம் பிடித்து வைத்திருந்த காயினை வாங்குபவருக்கு விட்டுவிட்டான். சில வாரம் கழித்து ஏஜென்சிக்குச் சரக்குப் பணம் அனுப்பினால் போகவில்லை. வேறு மாநில சைபர் போலீஸ் சொல்லி வங்கி கணக்கை முடக்கியிருந்தது.

உள்ளே நடந்தது இதுதான். வீட்டிலிருந்தே வேலை என்று யாரையோ ஒரு கும்பல் ஏமாற்றி, அவரைப் பணம் போடச் சொன்னது இவன் கணக்கில். காயின் கும்பலுக்குப் போய்விட்டது. ஏமாந்தவர் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைத்துப் புகார் கொடுத்ததும், பணம் போன வழியில் முதலில் நின்றது இவன் பெயர். வட்டிக்கு வாங்கிப் போட்ட கடைப் பணமும் அதே கணக்கில் இருந்ததால் அத்தை தூங்காமல் கிடந்தார்.

அவனைக் காப்பாற்றியது வரிக்காக எடுத்து வைத்திருந்த ஆவணங்கள்தான். 2022 ஏப்ரலிலிருந்து கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி இருப்பதால் ஒவ்வொரு ஆர்டரையும் சேமித்து வைத்திருந்தான். ஆர்டர் விவரம், சாட், வங்கி ஸ்டேட்மெண்ட் எல்லாவற்றையும் விசாரணை அதிகாரிக்கு அனுப்பி, முடக்கிய கணக்கு மறுபடி திறக்க மாதக்கணக்கில் ஆனது. இப்போது பி2பிக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்திருக்கிறான். விற்கிற எல்லாரும் அப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் எனக்கும் பெயர் மாறிப் பணம் வந்தது. "அண்ணாச்சி, நானும் பாளையங்கோட்டைதான், ஆஸ்பத்திரியில நிக்கேன், சீக்கிரம் விடுங்க" என்றான் வாங்குபவன். நான் அசையவில்லை. உடனே, "அப்போ இந்த ஜிபே நம்பருக்குத் திருப்பி அனுப்புங்க" என்று வேறொரு நம்பர் கொடுத்தான். அதற்கு அனுப்பியிருந்தால், பணம் போட்டவர் தன் பணத்தைக் கேட்டு வரும்போது நான் மறுபடியும் கொடுக்க வேண்டியிருக்கும். தளத்திடம் அப்பீல் போட்டேன். காயின் எஸ்க்ரோவில், அதாவது ஆர்டர் முடியும்வரை தளமே பிடித்து வைக்கும் இடத்தில், பத்திரமாக இருந்தது. பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதற்கே திரும்பிப் போன பிறகுதான் ஆர்டரை முடித்தார்கள். அவசரப்படுத்துகிறவனிடம் அப்பீலுக்கு மேல் ஒரு வார்த்தை பேசத் தேவையில்லை.

தென்காசி உறுப்பினர்:

எனக்கு நேர்ந்தது வேறு மாதிரி. டெலிகிராமில் ஒருவன், யூஎஸ்டிடியைச் சந்தை விலையைவிடக் குறைத்துத் தருகிறேன், பணத்தோடு திருநெல்வேலி ஜங்ஷனுக்கு வாருங்கள் என்றான். எஸ்க்ரோ கிடையாது. நேரில் பார்க்கிறோமே என்று நண்பனையும் கூட்டிக்கொண்டு போனேன். என் வாலட்டில் யூஎஸ்டிடி வந்ததாகவே காட்டியது. நண்பன் ட்ரான் நெட்வொர்க் பரிமாற்றங்களைக் காட்டும் ட்ரான்ஸ்கேன் தளத்தில் போட்டுப் பார்த்தான். காண்ட்ராக்ட் முகவரி (டோக்கனின் அடையாள முகவரி) உண்மையான யூஎஸ்டிடியுடையது இல்லை, வேறு. யார் வேண்டுமானாலும் அதே பெயரில் டோக்கன் உருவாக்கலாம், அது செல்லாக்காசு. "நெட்வொர்க் ஸ்லோ" என்று இழுத்தவன், நாங்கள் பணத்தை எடுக்காததைப் பார்த்து நழுவிவிட்டான். அவன் வாலட் முகவரியோடு சைபர் கிரைம் இணையதளத்தில் புகார் பதிந்திருக்கிறேன். ஜங்ஷனுக்கு வரச் சொல்லி உங்கள் யாரையாவது கூப்பிட்டிருந்தால் சொல்லுங்கள், அதையும் சேர்த்துக் கொடுக்கிறேன்.