சென்சார் சொன்னால் சென்ட்ரிங் பிரிக்கலாமா?

(கான்கிரீட்டைத் தாங்கும் பலகையும் முட்டும்தான் சென்ட்ரிங். அதை எப்போது பிரிப்பது என்று சாரம், ரெடிமிக்ஸ், முட்டுக்கட்டை என்ற மூவர் பேசிக்கொள்கிறார்கள்.)

சாரம்: ஸ்லாப் கம்பியில் கட்டும் வெப்பநிலை சென்சார், கான்கிரீட் வலிமையைக் கைபேசியில் காட்டும் ஏஐ செயலி என்று விற்கிறார்கள். 4.5 மீட்டர் வரையுள்ள ஸ்லாபுக்கு முட்டுகளை எடுக்க 7 நாள் என்ற ஐஎஸ் 456 (இந்தியக் கான்கிரீட் விதிநூல்) கணக்கை இனியும் கட்டிக்கொண்டு அழ வேண்டுமா?

ரெடிமிக்ஸ்: அந்த 7 நாளே இரண்டாம்பட்சம்தான். பிரிக்கும்போது கான்கிரீட்டில் வரும் தகைவைப் (சுமையால் உள்ளே எழும் அழுத்தம்) போல இரு மடங்கு வலிமை வேண்டும் என்பதே 11.3 பிரிவின் முதல் விதி. நாள் கணக்கு செல்ல ஓபிசி (சாதாரண போர்ட்லேண்ட்) சிமென்ட், 15 டிகிரிக்குக் குறையாத வெப்பம், சரியான க்யூரிங் (ஈரம் காயாமல் நீராற்றுவது) மூன்றும் வேண்டும். சென்சார் செய்வது வெப்பநிலையை மணியால் பெருக்கிக் கூட்டுவது; அந்த எண்ணை வைத்தே செயலி வலிமையைக் கணிக்கிறது. தொட்டியில் 27 டிகிரியில் 7 நாள் கிடந்த கியூபுக்கு (உடைத்து வலிமை பார்க்கும் கான்கிரீட் கட்டி) 4,536 வரும். ஸ்லாப் சராசரி 34 டிகிரி என்றால் அதே எண் 133 மணியில், அதாவது ஐந்தரை நாளில். ஊட்டிக் குளிரில் 14 டிகிரியிலேயே நின்றால் பதிமூன்றரை நாள். நாள்களை மட்டும் எண்ணிப் பிரிப்பவர் மாட்டுவது அங்கேதான்.

முட்டுக்கட்டை: சென்சார் அளப்பது சூட்டை, வலிமையை அல்ல. லாரி வந்ததும் "இன்னும் இளக்கமா விடுப்பா" என்று தண்ணீரைச் சேர்த்தால் சூடு பெரிதாக மாறாது, வலிமை போய்விடும். க்யூரிங் இல்லாமல் காய்ந்த ஸ்லாபும் வெயிலில் கொதிக்கும். உள்ளே ஹைட்ரேஷன் (சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும் வினை) நின்ற பிறகும் எண் ஏறிக்கொண்டே போகும். பீம் நடுவில் கட்டிய சென்சாருக்கு, ஸ்லாப் ஓரம் பின்தங்கிக் கிடப்பது எப்படித் தெரியும்?

ரெடிமிக்ஸ்: ஓரத்திலும் ஒன்று கட்டுங்கள். இப்படி வலிமையைக் கணிப்பதற்கான அமெரிக்கத் தரமுறை ஏஎஸ்டிஎம் சி1074. அதன்படி மிக்ஸ் ஒவ்வொன்றுக்கும் 1, 3, 7, 14, 28 நாளில் உடைக்க 15 மாதிரி, சென்சார் புதைக்க 2. சிமென்டோ அட்மிக்சரோ (கலவையில் சேர்க்கும் ரசாயனம்) மாறினால் மறுபடி முதலிலிருந்து. தண்ணீர் விட்டதைக் கண்டுபிடிக்க அதே லாரியில் கியூப் எடுத்தாக வேண்டும். சென்சாரை மட்டும் நம்பாதே என்று அந்த முறையே சொல்கிறது. ஆனால் சென்சாரே வேண்டாம் என்பவர்கள் வில்லோ ஐலண்டைப் பாருங்கள். 1978 ஏப்ரல் 27, அமெரிக்காவில் கட்டிக்கொண்டிருந்த குளிர்விப்புக் கோபுரத்தில் முந்தைய நாள் ஊற்றிய வளையம் குளிரில் வலிமை ஏறாமல் சரிந்து 51 பேர் இறந்தார்கள்.

முட்டுக்கட்டை: சரி. "கியூபே உடைக்க வேண்டாம், எங்கள் ஏஐ போதும்" என்னும் விளம்பரத்தை ஏற்கிறீர்களா?

ரெடிமிக்ஸ்: இல்லை. அதை வாங்காதீர்கள்.

சாரம்: முறையாக அளவீடு செய்த சென்சாரே ஐந்தரை நாளில் பச்சை காட்டினால்?

முட்டுக்கட்டை: மேல்தளம் எப்போது போடுகிறீர்கள்? அதன் எடை முட்டுகள் வழியாக இந்த ஸ்லாபில்தான் இறங்கும். 150 மிமீ ஸ்லாபின் ஈரக் கான்கிரீட் மட்டுமே சதுர மீட்டருக்கு 3.75 கிலோநியூட்டன், பலகை, ஆள் எடை தனி. வீட்டுத் தளத்தை வடிவமைப்பது 2 கிலோநியூட்டன் பயன்பாட்டுச் சுமைக்கு. செயலிக்கு இந்தக் கணக்கு தெரியாது. பலகைதான் அவசரம் என்றால் 3 நாளில் எடுத்துவிட்டு முட்டுகளை உடனே திரும்ப நிறுத்த ஐஎஸ் 456-லேயே இடமிருக்கிறது. அந்த முட்டுகளை மேல்தளம் இறுகும்வரை தொடாதீர்கள்.